கூடும் கூரையும் ஒரே ஃப்ரேமில்: கூந்தன்குளம் முதல் பாம்பன் வரை ஆறு நாள்

முதல் நாள்: மூலைக்கரைப்பட்டி வழியாக

திருநெல்வேலியிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் கூந்தன்குளம், பறவைகள் சரணாலயம் இருக்கும் ஊர். பாளையங்கோட்டை தாண்டி மூலைக்கரைப்பட்டிச் சாலையைப் பிடித்தால் போதும், வழி தவறாது. பிப்ரவரிக் கடைசி. இரண்டு பக்கமும் பிசானப் பருவ நெல் அறுப்புக்கு நிற்கிறது. சில வயல்களில் மிஷின் இறங்கிவிட்டது. பறவைகளை வைத்து ஆவணப்படம் எடுக்க வருகிறவர்கள் வண்டியில் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டியது இந்த மிஷினைத்தான். அரை கிலோமீட்டர் தள்ளி ஓடினாலும் மைக்கில் விழும். ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி வைத்தாலும் இன்ஜின் இரைச்சலின் மேல்பாதி அப்படியே தங்கும். நாளைக்கு எந்த வயல்பரப்பில் அறுக்கிறார்கள் என்று டீக்கடையில் கேட்டுவிட்டால் ஒலிப்பதிவுக்கான நேரம் பாதி முடிவாகிவிடும்.

அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் இங்கே வந்து நிற்பதில் பயனில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் படம் எடுக்க முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். 2022-இல் வந்த திருத்தத்தில், வாழிடத்தை மாற்றாமலும் விலங்குக்கும் பறவைக்கும் கெடுதல் செய்யாமலும் படம் எடுப்பதென்றே அந்தப் பிரிவில் தெளிவாகச் சேர்த்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் ஆட்கள், கருவிகள், தேதிகள் எல்லாம் வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஐந்து நாளைக் குறித்து அனுமதி வாங்கிவிடுவார்கள். அந்த வருடம் மழை பிந்தியிருக்கும், மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் தாமதமாக வந்திருக்கும், குளம் நிரம்பக் காத்திருந்து பறவையும் தாமதமாகக் கூடு கட்டியிருக்கும். அனுமதித் தேதியில் போனால் குஞ்சு பொரித்திருக்காது. ஒரு மாத அவகாசம் கேட்டு வாங்கி, அதற்குள் ஐந்து நாளைப் பிறகு முடிவு செய்வதே சரி. கடிதத்தின் நகல் நாலைந்து வேண்டும். ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

சரணாலயம் 1994-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 129 ஹெக்டேர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். படத்தின் தொடக்கத்தில் எழுத்தாகப் போட இது போதும். விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே நாரையும் கூழைக்கடாவும் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஊருக்குள் வந்து வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. கீழே பாத்திரம் விளக்குவார்கள், ஆடு கட்டியிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும். மேலே ஒன்றரை மீட்டர் சிறகு விரிக்கும் பறவை குஞ்சுக்கு மீன் கக்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் முடிவு லென்ஸில். 600 மி.மீ. லென்ஸில் கூட்டை மட்டும் நிரப்பி எடுத்தால் அது கூந்தன்குளமா, வேடந்தாங்கலா, ராஜஸ்தானின் பரத்பூரா என்று பார்க்கிறவனால் சொல்ல முடியாது. பறவை அழகாகத்தான் இருக்கும். ஊர் காணாமல் போயிருக்கும். அதே இடத்தில் 35 மி.மீ. போட்டுப் பத்தடி பின்வாங்கினால் ஓட்டுக்கூரை, டிஷ் ஆன்டெனா, கொடியில் காயும் துணி, அதற்கு மேல் கூடு எல்லாம் ஒன்றாக வரும். ஒரு நீள லென்ஸ் ஷாட்டுக்கு இரண்டு அகல ஷாட் என்று கணக்கு வைத்துக்கொண்டால் எடிட்டில் அழ வேண்டாம்.

முதல் நாள் மாலை கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பது நல்லது. ஹெட்போனும் சின்ன ரெக்கார்டருமாகத் தெருத்தெருவாக நடந்தால், எந்த மரத்தில் குஞ்சு அதிகம், எந்த வீட்டு மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, எந்தத் தெருவில் நாய் அதிகம் என்று தெரிந்துவிடும். ஊரும் ஆட்களைப் பார்த்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாம் நாள்: ஊருக்குள்

சூரியன் 6.35 வாக்கில் எழுகிறது. ஐந்து மணிக்கே மைக் வைத்துவிட வேண்டும், ஏனென்றால் மோட்டாரும் பைக்கும் கிளம்புவதற்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் சுத்தமான ஒலி. மைக்கைக் கூட்டு மரத்துக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. எச்சமும் அரைகுறையாகச் செரித்த மீனும் மேலிருந்து விழும், காய்ந்த குச்சி விழும். ஒவ்வொன்றும் பதிவில் குண்டு போட்டதுபோல் கேட்கும். மரத்தின் விளிம்பிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, காற்றிரைச்சலைத் தடுக்கும் முடி உறை மாட்டி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய்தால் போதும்.

என்ன கேட்கும் என்பதுதான் முக்கியம். மஞ்சள் மூக்கு நாரை, நூல்களில் சங்குவளை நாரை என்று எழுதுகிற பறவை, வளர்ந்த பிறகு அநேகமாக ஊமை. கூட்டில் ஜோடி சேரும்போது அலகை அலகோடு தட்டும். காய்ந்த மூங்கில் இரண்டை வேகமாகத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். சத்தம் போடுவது குஞ்சுகள்தான், நாள் முழுக்க, இரை கேட்டு. இந்த ஊரின் காலை என்பது குஞ்சுகளின் இரைச்சலும் அலகுத் தட்டலும் விளக்குமாறு கூட்டும் சத்தமும் கலந்த ஒன்று. இதைப் பதிவு செய்யாமல் போய்விட்டு, எடிட் டேபிளில் நூலகத்திலிருந்து குயிலும் ஏதோ வெளிநாட்டுச் சிட்டும் கூவும் ஒலியை எடுத்து நாரைக்கு அடியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பறவை தெரிந்த ஒருவர் அரங்கில் இருந்தால் அங்கேயே படத்தின் மானம் போய்விடும்.

காலை ஏழிலிருந்து எட்டரை வரை அகல ஷாட்கள். நாரையின் உடல் வெள்ளை, மரத்தடி கறுப்பு. இரண்டையும் ஒரே ஃப்ரேமில் பிடிப்பது கேமராவுக்குச் சிரமம். எக்ஸ்போஷரை வெள்ளைக்கு வைக்க வேண்டும். வெளுக்கும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ராவை 95-இல் வைத்து, இறகில் கோடு மறையும் வரை குறைத்தால் வாலருகே உள்ள இளஞ்சிவப்பு இறகுகள் நிறத்தோடு நிற்கும். வீட்டு நிழல் கொஞ்சம் இருண்டால் பரவாயில்லை, அதைப் பின்னால் தூக்கலாம். வெளுத்துப் போன இறகைத் தூக்க எந்த மென்பொருளும் இல்லை.

வீட்டுக்குள் எடுக்கும்போது இன்னொரு கணக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரேம், 1/48 ஷட்டர் என்று சினிமாப் பழக்கத்தில் வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் அலை அலையாக நெளியும். 25 ஃப்ரேம், 1/50. மெதுவான காட்சி வேண்டுமென்றால் 50 ஃப்ரேம், 1/100. படம் முழுவதையும் இந்த ஒரே கணக்கில் எடுத்தால் தலைவலி இல்லை.

பத்து மணிக்குப் பலரும் கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள், வெயில் ஏறிவிட்டது, வெளிச்சம் தட்டை என்று. இந்த ஊரில் அது பெரிய தவறு. உச்சி வெயிலில்தான் பெரிய பறவை கூட்டின் மேல் நின்று, சிறகை இரண்டு பக்கமும் பாதி விரித்துத் தொங்கவிட்டுக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். சூரியன் நகர நகர அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அலகு லேசாகத் திறந்திருக்கும், தொண்டை துடிக்கும். தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நாரையின் கால் ஏன் வெள்ளையடித்ததுபோல் இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். 12 மணிக்கு டிரைபாடை நிறுத்தி, ஃப்ரேமை அசைக்காமல், ஒரு கூட்டை 20 நிமிடம் ஓடவிட்டால் நிழல் நகர்வதும் பறவை திரும்புவதும் முழுதாகக் கிடைக்கும். டைம்லேப்ஸ் வேண்டாம், தொண்டைத் துடிப்பு அதில் செத்துவிடும்.

அந்த 20 நிமிடத்தில் கேமராவும் வேகும். வெள்ளைத் துணி நனைத்துப் பிழிந்து பாடியின் மேல் போடலாம், லென்ஸ் இணைப்பில் தண்ணீர் படாமல். ஒரு குடை கட்டாயம். ஆளுக்கு இல்லை, கேமராவுக்கு. நாரை எச்சம் லென்ஸில் விழுந்தால் துணியால் துடைக்கக் கூடாது. அதில் மீன் முள்ளும் மணலும் கலந்திருக்கும், கண்ணாடியில் கோடு விழுந்துவிடும். முதலில் சுத்தமான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைத்து வழியவிட்டு, பிறகுதான் துணி. முன்னால் ஒரு சாதாரண யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிக் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கூட்டை மறைக்கிற கிளையை ஒதுக்கிக் கட்டுவது, ஒடிப்பது இரண்டும் கூடாது. அந்தக் கிளைதான் குஞ்சுக்கு நிழல், காகத்துக்குத் திரை. மறைத்தால் டிரைபாடை நகர்த்த வேண்டியதுதான். விழுந்த குஞ்சைத் தூக்கி மரத்தில் வைக்கிற காட்சியைத் தயாரிப்பதும் வேண்டாம். இங்கே கீழே விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கத் தனிக் கூண்டு இருக்கிறது. ஊர்க்காரர்களே எடுத்துக் கொடுப்பார்கள். அது நடந்தால் எடுக்கலாம், நடக்கவில்லையென்றால் எடுக்கத் தேவையில்லை.

கூந்தன்குளத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்வது, பறவைக்காக இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதை. படம் எடுக்கிறவருக்கு இது ஒரு சிக்கல்: வெடிக்காத வெடியை எப்படிக் காட்டுவது? ஒரு பெரியவரை உட்கார வைத்து, "நாங்க வெடி போடுறது இல்ல" என்று சொல்லவைப்பதோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள். தீபாவளி இரவு ஏழு மணிக்கு ஊர்த்தெருவில் கேமராவை நிறுத்தி, நிலையான ஒரே ஷாட்டை நான்கு நிமிடம் ஓடவிட்டால், தூரத்து ஊர்களின் வெடிச்சத்தம் மெல்ல வந்து விழும். தெருவில் விளக்கும் பலகாரமும் பிள்ளைகளின் பேச்சும் மட்டும் இருக்கும். வெடி இல்லாததை இப்படிக் காதால் காட்டலாம். அதற்கு ஐப்பசியில் தனிப் பயணம் வேண்டும். கோடையில் குளம் வற்றியதும் எச்சம் படிந்த வண்டலை வயலுக்கு எடுப்பார்கள், உரம் அது. அதற்கு இன்னொரு பயணம். ஆக, இந்த ஒரு ஊருக்கே குறைந்தது மூன்று முறை வர வேண்டும். ஒரே வாரத்தில் முடித்த கூந்தன்குளம் படம் என்றால் அதில் ஊர் இருக்காது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாம்.

இரவு வேலை: நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 45 ஜிபி. நான்கு மணி நேரத்துக்கு 180 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டும் வேறு வேறு பையில். சரிபார்த்து முடிக்காமல் மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

மூன்றாம் நாள்: குளம்

பறவை பார்க்கும் கோபுரத்திலிருந்து நீள லென்ஸ் நாள். சொல்ல அதிகமில்லை. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்தவை, மார்ச்சுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும்; ஆள் எழுந்து நின்றாலே கூட்டமாகப் பறந்துவிடும். அதனால் இருட்டிலேயே இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். எட்டரை, ஒன்பதுக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் ஆடத் தொடங்கும். 600 மி.மீ. லென்ஸில் பறவையின் விளிம்பு கொதிக்கிற எண்ணெயில் பார்ப்பதுபோல் நெளியும். ஃபோகஸ் தப்பிவிட்டது என்று நினைத்து வளையத்தைத் திருகித் திருகி நேரத்தை வீணடிப்பார்கள். கோளாறு காற்றில் இருக்கிறது. அதற்கு மருந்து கிட்டப்போவது மட்டும்தான், இங்கே அது முடியாது. மூட்டை கட்டிவிட்டு ஊருக்குள் திரும்பிவிடலாம். 15, 20 மீட்டர் தூரத்துக் கூட்டுக்குக் கானல் தொல்லை கிடையாது.

ட்ரோன் வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி எடை, மண்டலம், பதிவு என்று பார்க்க வேண்டியவை ஒருபுறம். சரணாலயத்தின் மேல் பறக்கவிட வனத்துறை சம்மதிக்காது என்பது இன்னொரு புறம். அதையெல்லாம் விடுங்கள், அதன் சத்தத்துக்குப் பெரிய பறவை ஒருமுறை எழுந்தால் காகம் காத்துக்கொண்டிருக்கிறது, வெயில் நேரமென்றால் மூடாத முட்டை வெந்துவிடும். குளத்தின் மொத்தத் தோற்றம் வேண்டுமானால் கோபுரத்திலிருந்து இடமிருந்து வலமாக மூன்று நிலையான ஷாட் எடுத்தால் போதுமானது.

நான்காம் நாள்: உடன்குடி

சாத்தான்குளம் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மண் சிவக்கத் தொடங்கினால் தேரி என்னும் செம்மணல் மேடு வந்துவிட்டது என்று அர்த்தம். புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி இந்த ஊருடையது. பதனீர் சீசன் இப்போதுதான் தலைகாட்டுகிறது. இந்த நாளில் பறவை இல்லை. ஆனால் படத்தின் கேள்வி அதேதான்: மரத்தை எடுக்கிறோமா, மரத்தோடு வாழ்கிறவர்களை எடுக்கிறோமா?

பனையேறி காலில் தளைநார் என்னும் நார்வளையம், கையில் முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள்பெட்டியோடு ஏறுகிறார். பாளையை இடுக்கி போன்ற கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, கட்டி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்கும். இந்தச் சுண்ணாம்பு பூசுகிற ஷாட்டைத் தவறவிட்டால் படத்துக்கு விளக்கவுரை எழுத வேண்டிவரும், ஏனென்றால் பதனீருக்கும் கள்ளுக்கும் நடுவில் நிற்பது அதுதான். பூசாவிட்டால் புளித்துவிடும், புளித்தால் சட்டம் வேறு. விரலால் கலயத்தின் உட்சுவரில் சுண்ணாம்பை இழுக்கும் ஷாட்டைக் கிட்ட வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் வசனமே வேண்டாம்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவை ஏறுங்க" என்று கேட்கவே கூடாது. விழுந்தால் உயிர் போகும் வேலை அது. படத்துக்காக ஒரு ஏற்றம் கூடுதலாக ஏறச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் எப்படியும் பல மரம் ஏறத்தான் போகிறார். முதல் மரத்தைக் கீழே தூரத்திலிருந்து அகலமாக எடுக்கலாம். இரண்டாம் மரத்தில் 200 மி.மீ. லென்ஸில் கால், தளைநார், கை. மூன்றாம் மரத்தில் உச்சியில் வைத்த சின்ன ஆக்‌ஷன் கேமரா. சட்டை மாறாது, வேட்டி மாறாது. மூன்றையும் சேர்த்தால் ஒரே ஏற்றமாக ஓடும். சூரியன் இடம் மாறுவதற்குள், முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.

ஆக்‌ஷன் கேமராவை எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். மார்புப்பட்டை உதவாது, பனையேறி மரத்தை மார்போடு அணைத்துத்தான் ஏறுகிறார், கேமரா மரத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், ஆளுக்கே ஆபத்து. தலையில் கட்டினால் முழு நேரமும் அரையடி தூரத்து மரப்பட்டைதான் படத்தில் வரும். சரியான இடம் உச்சியில் ஒரு மட்டை. முதல் ஏற்றத்தில் அவரே அரிவாள்பெட்டியில் போட்டு எடுத்துப்போய்க் கட்டிவிட்டு, அடுத்த ஏற்றத்தில் இறக்கிக் கொடுப்பார், அவருக்குச் சம்மதமென்றால். துணி நாடாவால் கட்டினால் மட்டையின் கருக்கு அறுத்துவிடும். ரப்பர் துண்டைச் சுற்றிவிட்டு மேலே கயிறு. பாளை இருக்கும் பக்கம் கட்டக் கூடாது, அவர் கை போகும் வழி அது.

மதியம் காற்று எழும்பிவிடும். தேரிச் செம்மண் மாவு போன்றது. லென்ஸ் மாற்றும் அரை நிமிடத்தில் சென்சாரில் உட்கார்ந்துவிடும். காருக்குள் கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். நிலத்திலிருந்து வரும் சிவப்பு வெளிச்சம் முகத்தின் அடிப்பாகத்தில் விழுவதால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் குழம்பி முகத்தைப் பச்சையாக்கும். ஒரு வெள்ளை அட்டையை முகத்தருகே பிடித்துக் கைமுறையில் வைத்துவிடலாம்.

விடிலி என்னும் குடிசைக்குள் பெண்கள் பதனீர் காய்ச்சுகிறார்கள். புகை, ஆவி, ஒரே ஒரு திறப்பு. கொப்பரைக்கு ஐந்தடிக்குள் போனால் லென்ஸில் ஆவி படிந்து இனிப்பாக ஒட்டும். எக்ஸ்போஷரை நெருப்புக்கு வைத்தால் முகம் போய்விடும், முகத்துக்கு வைத்தால் நெருப்பு வெள்ளையாகிவிடும். முகத்துக்கு வைப்பதே சரி. ஒலியில் கவனம் இருக்கட்டும்: தண்ணியாகக் கொதிக்கும்போது சலசலப்பு, பாகு இறுக இறுகக் குமிழி உடையும் சத்தம் தடித்துக்கொண்டே போகும். காய்ச்சுகிறவருக்குப் பதம் தெரிவதில் பாதி அந்தச் சத்தத்தால்தான். சிரட்டையில் ஊற்றும் வரை மைக்கை நிறுத்தாமல் பதிவு செய்து வைத்தால், ஒன்றரை மணி நேர வேலையை ஒலியின் மாற்றத்தை வைத்தே இரண்டு நிமிடமாகச் சுருக்கலாம்.

ஐந்தாம் நாள்: பாம்பன்

உடன்குடியிலிருந்து தூத்துக்குடி, கிழக்குக் கடற்கரைச் சாலை, ராமநாதபுரம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல். முந்தின நாள் பின்னிரவில் கிளம்பினால்தான் காலைக்கு ஆகும். தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடா, இந்த மாதங்களில் அமைதி. வைகாசிக்கு மேல் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பிவிட்டால் தண்ணீருக்குள் கை நீட்டினால் கை தெரியாது. கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று தங்களுக்குள் வரையறை வைத்திருக்கிறார்கள், பாசி மறுபடி வளர வேண்டுமே என்று. ஏப்ரலில் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டியும் பாசி எடுப்பதை நிறுத்திவைப்பார்கள். படப்பிடிப்புத் தேதி இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். நமக்கு வசதியான ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பாசி நாளாக இராது.

வள்ளத்தில் இடம் அளவோடுதான் இருக்கும். கேமராவும் உதவியாளரும் ஏறினால் இரண்டு பெண்களின் ஒரு நாள் வருமானம் கரையில் நின்றுவிடும். அதனால் தனி வள்ளம் பேசிக்கொள்ள வேண்டும். பட்ஜெட்டில் இது முதலிலேயே ஏறியிருக்க வேண்டிய செலவு. "ஓரமா உட்கார்ந்துக்குறோம்கா" என்று சமாளிப்பது அநியாயம்.

கேமராவின் நீர்க்கூட்டை, தண்ணீர் புகாத அந்த உறையை, முந்தின நாளே சரிபார்க்க வேண்டும். மூடியில் உள்ள ஓ-ரிங் ரப்பர் வளையத்தைக் கழற்றி, விரலால் தடவி, ஒரு முடியோ மணலோ இல்லையென்று பார்த்து, அரிசி மணி அளவு சிலிக்கான் கிரீஸ் மட்டும் பூசினால் போதும். அதிகம் பூசினால் மண் ஒட்டும். கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் கசிவு இருந்தால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். தட்டைக் கண்ணாடி முகப்பு தண்ணீருக்குள் காட்சியை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கும், 24 மி.மீ. லென்ஸ் 32 போல நடந்துகொள்ளும். குவிமாட முகப்பு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆழம் அதிகமில்லாத இடம் என்பதால் சிவப்பு ஃபில்டர் வேண்டாம், வெள்ளைப் பலகை வைத்துத் தண்ணீருக்குள்ளேயே ஒயிட் பேலன்ஸ் செய்தால் நிறம் வரும்.

பெண்களின் கருவிகள் எல்லாம் அவர்களே ஒப்பேற்றியவை. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, பாசியைப் போட இடுப்பில் வலைப்பை. விரலில் துணி சுற்றுவதை வள்ளத்தில் நிதானமாகச் செய்வார்கள். ஒரு விரல், அடுத்த விரல், பல்லால் கடித்து முடிச்சு. அந்த ஷாட்டை முழுதாக எடுக்க வேண்டும். தண்ணீருக்குள் அந்தக் கை பாறை இடுக்கிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளும்போது, பார்க்கிறவருக்கு அந்த முடிச்சு நினைவில் இருக்கும்.

மூச்சடக்கித்தான் மூழ்குகிறார்கள். எடுக்கிறவரும் குழாயும் கண்ணாடியுமாக மேலே மிதந்தும் மூச்சடக்கியும் எடுப்பது நல்லது. சிலிண்டர் மாட்டினால் குமிழிச் சத்தம் ஒலியை விழுங்கிவிடும். துடுப்புக் காலணி ஒரு உதை உதைத்தால் வண்டல் கலங்கும், பவளம் ஒடியும். நிற்க வேண்டிய இடம் நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, மேல்பக்கம். கீழ்ப்பக்கம் நின்றால் அவர் கிளப்பும் வண்டல் முழுக்க லென்ஸை நோக்கி வரும். ஒரு பெண் மூழ்குவதிலிருந்து மேலே வந்து மூச்சு வாங்குவது வரை கட் இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுத்தால், அந்த மூச்சின் நீளத்தை அரங்கில் உட்கார்ந்திருக்கிறவரும் தன் நெஞ்சில் அளந்துகொள்வார். நாலு கோணம் வைத்து வெட்டினால் அது நீச்சல் விளம்பரம் ஆகிவிடும்.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். மண்டபம் பக்கம் பாக் விரிகுடாவில் 12க்கு 12 அடி மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் பாசியைக் கட்டி வளர்க்கிறார்கள். 45 நாளில் அறுவடை. அது வளர்ப்பு. இங்கே நடப்பது இயற்கையாக வளர்ந்ததைச் சேகரிப்பது. மரிக்கொழுந்திலிருந்து அகர் வருகிறது, கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். மிதவை ஷாட் கரையிலிருந்தே சுலபமாகக் கிடைக்கும் என்பதால் அதைப் போட்டு, மேலே பாசி எடுக்கும் பெண்களின் பேச்சை ஓட்டிவிடுகிறார்கள். பாம்பனையொட்டிய சின்னப்பாலத்தில் யாரிடம் காட்டினாலும் முதல் நொடியிலேயே சிரிப்பார்கள்.

வந்ததும் நீர்க்கூட்டை மூடியபடியே நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, எல்லாப் பொத்தானையும் பத்துப் பத்துத் தடவை அழுத்திவிட வேண்டும். உப்பு காய்ந்தால் பொத்தான் இறுகிவிடும்.

ஆறாம் நாள்: கரையில்

மணலில் பாசி காய்கிறது. காலை ஏழு மணிக்கு ஈரப்பாசியைப் பரப்புவார்கள், மாலைக்குள் நிறம் மாறிச் சுருங்கும். பேட்டிக்கு இந்த நேரம் தோது, கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். லேப்பல் மைக்கைக் கஞ்சி போட்ட சேலைக்குள் வைத்தால் ஒவ்வொரு அசைவுக்கும் கரகரக்கும். சட்டையின் பொத்தான் பட்டைக்கு உள்ளே, இரண்டு பக்கமும் மருத்துவப் பிளாஸ்டர் வைத்து ஒட்டினால் நிற்கும். கடல் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வைக்கலாம். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அதே இடத்தில் 60 நொடி ஒலி எடுத்து வைக்க மறக்கக் கூடாது. வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.

ஒரு மணி நேரப் பேச்சை எழுதியெடுக்க நாலைந்து மணி நேரம் ஆகும். கேட்டபடியே எழுத வேண்டும். நீவாடு, கச்சான், தென்கடல் போன்ற சொற்களை நீரோட்டம், தென்மேற்குக் காற்று, மன்னார் வளைகுடா என்று சப்டைட்டிலில் மாற்றிப் போட்டால் கடல் அவர்கள் கையிலிருந்து நழுவிப் பாடப்புத்தகத்துக்குப் போய்விடும். முதல் தடவை வரும்போது மட்டும் ஒரு சொல் விளக்கம் சேர்க்கலாம். விளக்கவுரைக் குரல் வேண்டுமா என்பதும் இங்கேதான் முடிவாகும். "இயற்கை அன்னையின் மடியில்" என்று தொடங்கத் தோன்றினால் குரலே வேண்டாம்.

இன்னொரு வேலை, எல்லாவற்றிலும் நேரம் பிடிப்பது. வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து அங்கே போக, இறங்கக் கட்டுப்பாடு உண்டு. பெண்களின் தாய்மாரும் பாட்டிமாரும் பாசி எடுத்த இடங்கள் அவை. எந்த ஷாட்டின் பின்னணியில் எந்தத் தீவின் விளிம்பு தெரிகிறது, யார் முகம் அதோடு சேர்ந்து தெரிகிறது என்பதைப் பார்க்காமல் வெளியிட்டால் படம் ஒருவர்மேல் வழக்காகப் போய் முடியலாம். கேமராவில் ஜிபிஎஸ் பதிவை முதல் நாளே அணைத்திருக்க வேண்டும். எடுத்த ஷாட்களை வரிசையாக லாக் தாளில் எண்ணிட்டு, மாலையில் லேப்டாப்பில் ஓட்டி, படத்தில் இருப்பவர்களையே உட்கார வைத்துக் காட்ட வேண்டும். ஒலியோடு, வேகத்தைக் கூட்டாமல். சம்மதத்தை அப்போது மறுபடி கேட்க வேண்டும். காலையில் வள்ளத்தில் ஏறும் அவசரத்தில் தலையாட்டியது சம்மதமாகாது. நான்கு மணி நேர ஃபுட்டேஜைத் தேறியதாக ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சுருக்கினால் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

தீவின் வளைவைப் பார்த்த மாத்திரத்தில் அது எது என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இன்று மாலை மூன்று ஷாட்டில் கை வைத்தார்கள். அதில் ஒன்று கட் இல்லாத அந்த முழு மூச்சு ஷாட். மேலே வந்து மூச்சு வாங்கும் தலைக்குப் பின்னால், வலது மூலையில், மரத்தோடு ஒரு கரை தெரிகிறது. மூன்றும் இரண்டு டிஸ்கிலிருந்தும் அழிக்கப்பட்டன. லாக் தாளில் எண்கள் மட்டும் இருக்கின்றன, எதிரே "இல்லை" என்று. அடுத்த பாசி நாள் எப்போது என்று கேட்டு, வள்ளத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை கேமரா கரைக்கு முதுகு காட்டி நிற்கும்.